ஃபேன் மட்டும் ஓடும் ஒன்றரை மணி நேரம்

கண்ணு,

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து இவ்வளவு தடித்த கவர் வந்தால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். "வந்துருச்சு அப்பாவோட டைம்டேபிள்" என்று சிரித்துக்கொண்டே நித்யாவிடம் காட்டப் போவாய். இப்போது காட்டாதே. முதலில் நீ தனியாக உட்கார்ந்து கடைசி வரை படி. இதில் டைம்டேபிள் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை உன் கம்பெனியில் இன்னும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேசினோம். இரண்டாம் முறை உன் ஊர்ப் பக்கம் லிவர்மோர் கோயிலில், கல்யாண ஹாலில் எத்தனை நாற்காலி போடுவார்கள் என்று பேசினோம். அம்மாதான் சொன்னாள், "போன்ல வேண்டாங்க. நீங்க போன்ல பேசுனா பாதியிலயே வேற பேச்சுக்குப் போயிருவீங்க. எழுதுங்க." அவளுக்கே இந்த விஷயம் போன வாரம்தான் தெரியும். தெரிந்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்திலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நித்யாவின் அப்பா, நீ இத்தனை வருடம் தங்கவேல் அங்கிள் என்று கூப்பிட்டு இப்போது மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கும் மனிதர், ஏழு வருடத்துக்கு முன் பெயின்ட் ஃபேக்டரியில் டேங்குக்குள் மயங்கி விழுந்தாரே, அது அவருடைய அவசரத்தால் நடந்தது அல்ல. நான் செய்த காரியத்தால் நடந்தது. அதை மறைத்ததும் நான்தான். அவர் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ. தாலி கட்டுவதற்கு முன் உனக்கும் அவளுக்கும் இது தெரிந்தாக வேண்டும்.

நாம் ஜெர்சி சிட்டிக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட், மூன்று பேர், ஒரே பாத்ரூம். யார் எத்தனை மணிக்குள் குளித்துவிட்டு வெளியே வர வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கதவில் நான் சார்ட் ஒட்டி வைத்ததும், நீ உன் பெயருக்கு நேரே பென்சிலில் "வயிறு கலக்கினால்?" என்று எழுதி வைத்ததும் ஞாபகம் இருக்கிறதா? மனுஷனை ரயில்வேக்கு நேர்ந்து விட்டிருக்க வேண்டும், தப்பி நமக்கு வந்து வாய்த்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்படி ஒரு கிறுக்கு. நாள் என்றால் அதில் ஒரு இடைவெளி இருக்கக் கூடாது. சும்மா இருக்கும் பத்து நிமிடத்தைப் பார்த்தால் அதில் எதையாவது திணிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மேல் மாடியில் இருந்த தங்கவேல் அண்ணா அப்படியே எனக்கு நேர் எதிர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கோயமுத்தூரில் டிப்ளமா படித்தவர், மச்சினன் ஸ்பான்சர் பண்ணி நமக்கு முன்பே வந்து அந்தப் பெயின்ட் ஃபேக்டரியில் டேங்க் வேலைக்குச் சேர்ந்தவர். குக்கர் சத்தம் நின்றதும் ஸ்பூனால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது நம் வீட்டு வழக்கம். அவர் வீட்டில் அது தானாக அடங்கும்வரை யாரும் தொடக் கூடாது. பனிக்காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு குடும்பமும் ஒரே வேனில் நயாகரா போனோமே, எந்த எக்ஸிட்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். நீ அதில் இல்லாத இடத்தில் வாந்தி எடுத்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் உன் முதுகைத் தடவிக்கொண்டே, "இருக்கட்டுங்க சார், அருவி எங்கயும் போயிராது" என்றார். அண்ணா என்று நான் கூப்பிட்டாலும் அவர் என்னை சார் என்றேதான் கூப்பிடுவார். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கான்ட்ராக்ட் முடிந்து நான் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதம் அது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க சார், எங்க ஆபீஸ்ல பிளானிங்குக்குப் புதுசா சாஃப்ட்வேர் போடறாங்களாமுங்க. உங்களாட்டம் ஆளத்தான் தேடறாங்க. நாளைக்கே வந்து பாருங்க" என்றார். போனேன், கிடைத்தது. கிரீன் கார்டுக்கும் அவர்களே அப்ளை பண்ணுவதாகச் சொன்னார்கள். அன்று அம்மா கேசரி செய்து மேல் மாடிக்குக் கொடுத்துவிட்டாள். உன் படிப்பு, நம் இருப்பு எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் அவர் வந்து சொன்ன பேச்சில் தொடங்கியது என்பதை நீ மறக்கக் கூடாது. நான் மறந்தேன்.

நீ இப்போது பே ஏரியாவில் எழுதுவதும் அதே ஜாதி சாஃப்ட்வேர்தான், உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நித்யாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முன்பெல்லாம் ஆர்டர் வந்தால் எந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு பட்டியல் எங்கள் மாடி ஆபீஸிலிருந்து கீழே பெயின்ட் கலக்கும் டேங்குகள் இருக்கும் தளத்துக்குப் போகும். எந்த டேங்கில், எந்த மணிக்கு, எதற்குப் பிறகு எது என்பதைக் கீழே இருப்பவர்களே பேசி முடிவு பண்ணிக்கொள்வார்கள். புதிய சாஃப்ட்வேர் அதை மணிக்கணக்கில் போட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு டேங்குக்கும் ஸ்கிரீனில் ஒரு வரி. நேரத்துக்கு முடியும் ஆர்டர் பச்சையாகத் தெரியும், தாமதமாகும் ஆர்டர் சிவப்பாகத் தெரியும். பெயின்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. வெள்ளை கலக்கிய டேங்கில் அடுத்து மஞ்சள் கலக்கலாம், மஞ்சளுக்குப் பிறகு சிவப்பு, சிவப்புக்குப் பிறகு கறுப்பு. பெரிதாகக் கழுவ வேண்டியதில்லை. கறுப்புக்குப் பிறகு வெள்ளை போட வேண்டுமென்றால் டேங்கை முழுக்கச் சுத்தம் பண்ண வேண்டும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போக எவ்வளவு நேரம் என்று நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்தவர் நம் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான்காய் மடித்த ஒரு தாளில் அவர் தமிழில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். நீ எதிரே உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தாய். கறுப்புக்குப் பிறகு வெள்ளை என்றால் நான்கு மணி நேரம். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் விட்டுக் கழுவ ஒரு மணி நேரம், வடிக்க அரை மணி நேரம், பிறகு ஃபேனைப் போட்டு ஒன்றரை மணி நேரம் விட்டுவிட வேண்டும், அதன் பிறகு ஆள் உள்ளே இறங்கி அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட ஒரு மணி நேரம். "அந்த ஒன்றரை மணி நேரம் என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண மாட்டங்க. ஃபேன் ஓடும். உள்ள இருக்கற தின்னர் காத்து வெளிய போகோணும். அதுக்கு முன்னால எறங்குனா ஆள் சுருண்டுருவான்" என்றார். கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னபடியே நான்கு என்று அடித்தேன். அதுவரை தப்பு ஒன்றும் நடக்கவில்லை.

மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், டெமோ காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். முந்தின நாள் மத்தியானம் நான் பிளானைப் போட்டுப் பார்த்தால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. பெரிய ஆர்டர்கள் எல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் தாமதம். இத்தனை செலவு பண்ணி வாங்கிய சாஃப்ட்வேர் இதைத்தான் சொல்கிறதா என்று மேனேஜர் கேட்டுவிட்டுப் போனார். என் கிரீன் கார்டு பேப்பர் அந்த மேனேஜர் கையெழுத்தோடுதான் போயிருந்தது. நான் டேங்குகளின் வரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் செய்யாத அந்த ஒன்றரை மணி நேரங்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. வாரத்துக்கு ஏழெட்டு வரும். நான்கை அழித்து இரண்டரை என்று அடித்தேன், கண்ணு. அவ்வளவுதான், ஒரு எண். ஸ்கிரீனில் சிவப்பெல்லாம் பச்சையாக மாறியது. டெமோவுக்கு மட்டும்தான், நாளைக்கே திருப்பி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டெமோவில் கை தட்டினார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டார். அடுத்த நாள் காலை அந்தப் பிளான்தான் அச்சாகிக் கீழே போனது. நான் மாற்றவில்லை. மாற்றினால் மறுபடி சிவப்பாகும், ஏன் சிவப்பானது என்று கேட்பார்கள், நேற்று காட்டியது என்ன என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் தங்கவேல் அண்ணா சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடி ஆபீஸுக்கு வந்தார். "சார், க்ளீனிங் ரெண்டரைன்னு வந்துருக்குதுங்களே" என்றார். "அது சும்மா ஸ்கிரீனுக்குத்தாண்ணா. நீங்க வழக்கம்போலப் பண்ணுங்க, நான் மாத்தீடறேன்" என்றேன். அவர் வழக்கம்போலப் பண்ணினார். தினமும் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் தாமதமான டேங்குகளைப் பெயரோடு வாசிப்பார். தினமும் அதில் தங்கவேல் என்ற பெயர் வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி மாடிக்கு வந்தார். "இன்னும் ஒரு வாரம்ண்ணா. மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயிரட்டும்" என்றேன். "உங்க பேப்பர் இன்னும் வரலீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சரிங்க என்று இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அவர் டேங்க் பச்சைக்கு வந்தது. எப்படி வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கீழே சைரன் அலறியது. ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் திறந்து, மூன்றாம் டேங்கில் தங்கவேல் விழுந்துவிட்டார், தூக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார். அடுத்து நான் செய்ததை உன் அம்மாவிடம் சொல்ல ஏழு வருடம் ஆனது. நான் எழுந்து ஓடவில்லை. என் கை கீபோர்டுக்குப் போனது. இரண்டரையை அழித்து நான்கு என்று அடித்தேன், சேவ் பண்ணினேன். அதற்குப் பிறகுதான் படியிறங்கினேன். கீழே எல்லாரும் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி நின்றார்கள். சுவரில் குத்தியிருந்த அன்றைய பிளான் தாளை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தது அதற்கும் பிறகு. உதடு நீலமாக இருந்தது. எனக்குச் சாப்பாடு போட்ட மனிதர், கண்ணு. உன் வாந்தியைத் துடைத்த கை அது. நான் முதலில் தாளைத்தான் எடுத்தேன்.

பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை, ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க நிற்பார். அத்தோடு அவர் வேலைக்குப் போகவில்லை. நித்யாவின் அம்மா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள், அவர்கள் கீழ்த்தளத்து வீட்டுக்கு மாறினார்கள். இதெல்லாம் நீ பார்த்ததுதான், சாமான் தூக்க நீயும் வந்தாய். ஃபேக்டரியில் விசாரித்தார்கள். கம்ப்யூட்டரில் நான்கு மணி நேரம் என்று இருந்தது. சூப்பர்வைசருக்கும் நான்கு என்று இருப்பதே சௌகரியம், அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணாவைக் கேட்டதற்கு அந்த நாள் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

விசாரணை முடிந்து அண்ணா வீட்டுக்கு ஃபேக்டரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். நித்யாவின் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. நித்யாவுக்குப் பதினைந்து வயது. அவள் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்து, வரிக்கு வரி தனக்குத் தெரிந்த தமிழில் அம்மாவுக்குச் சொன்னாள். "பிளான்ல ஃபோர் அவர்ஸ் குடுத்திருக்காங்கம்மா. அப்பா வெயிட் பண்ணலையாம். அவராவே சீக்கிரம் உள்ள போயிட்டாராம்." படித்து முடித்துத் தாளை மேசையில் போட்டுவிட்டு, படுத்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத பார்வை அது. நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவரு அவசரப்படற ஆளே இல்லீங்களே" என்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு அடுத்த வருடம் நம் கிரீன் கார்டு வந்தது.

அதன் பிறகு நான் நல்லவனாகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவரை டாக்டரிடம் கூட்டிப்போவேன். நித்யாவை எஸ்.ஏ.டி. பரீட்சைக்கு நான்தான் காரில் இறக்கிவிட்டேன். "யூ ஆர் ஆல்வேஸ் ஆன் டைம், அங்கிள்" என்பாள். தன் அப்பாவோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். தப்புக்கு ஈடு ஆகிவிட்டது, அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான் வேலை செய்யும், எங்கேயாவது ஒரு காலி இடத்தைப் பிடித்து எதையாவது நிரப்பிவிடும்.

போன மாதம் நித்யா வந்திருந்தபோது அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கல்யாணப் பேச்சு நடந்தது. நீ வேலையை விட்டு வர முடியாது என்றுவிட்டாய், அதனால் உனக்கு இது தெரியாது. அன்றைய நாளுக்கு நேரம் போடும் வேலையை வழக்கம்போல எல்லாரும் என் தலையில் கட்டினார்கள். சான் ஹோசேயிலிருந்து மலையைத் தாண்டி வரும் ஆட்கள், முகூர்த்தம், சாப்பாடு, ஹாலைக் காலி பண்ணும் நேரம் என்று நான் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணா டீ டம்ளரை எடுத்தார். கை நடுங்கி என் தாளின் மேல் கொட்டிவிட்டது. நித்யாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "டாட், யூ நெவர் வெயிட்! நான்தான் எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னேன்ல?" என்றாள். கெட்ட பெண் இல்லை, உனக்குத் தெரியும். உடனே முகம் சுருங்கித் துணி எடுத்து வந்து துடைத்தாள். ஆனால் அந்த வார்த்தை பதினைந்து வயதில் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்த வார்த்தை. அண்ணா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "நடுவுல ஒரு ஒன்றரை மணி நேரம் சும்மா விடுங்க சார். இந்தத் தடவ அத எடுத்துராதீங்க."

மற்றவர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. கிளம்பும்போது அவர் என்னோடு கார் வரைக்கும் வந்தார். அந்தப் பத்தடிக்கே மூச்சு வாங்கி ஃபென்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "எல்லாமே ஞாபகம் இருக்குதுங்க சார்" என்றார். "அப்புறம் ஏங்கண்ணா சொல்லல?" அவர் கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். "அப்ப உங்க பேப்பர் போயிருந்துதுங்களே. நான் எந்திரிக்கப் போறதில்லைன்னு ஆயிப்போச்சு. நீங்களும் ஊருக்குப் போயிட்டா என்ன புண்ணியம்? ஒரு குடும்பமாவது நிக்கட்டும்னு இருந்துட்டங்க." நான் அழுதேன். பார்க்கிங்கில் நின்று அழுதேன், கண்ணு, இந்த வயதில். நித்யாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "நான் சொன்னா அது கோள் சொன்னாப்பலங்க சார். நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா" என்றார். பிறகு, "சொல்லியே ஆகோணும்னு நான் கேக்கலீங்க. ஆனா அவ கல்யாணம் ஆகிப் போறதுக்குள்ள ஒரு தடவ என்னை அந்தப் பார்வை பாக்காம இருந்தா நல்லாருக்கும்" என்றார். இதைத்தான் அம்மாவிடம் முதலில் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்தது.

உனக்கு உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் எழுதினால் உபதேசம் இல்லாமல் முடியாது, பொறுத்துக்கொள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், நீ எழுதும் புரோக்ராம் பிளானில் இருக்கும் சும்மா நேரத்தையெல்லாம் தானே கண்டுபிடித்துச் சுருக்கிவிடும் என்று. எவ்வளவு பெருமை உன் முகத்தில். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அப்பாவுக்கு உன் வேலையில் அக்கறை இல்லை என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை, அங்கே உட்கார முடியவில்லை. அந்தப் புரோக்ராமை எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சும்மா நேரத்துக்கும் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறான். அதை எடுப்பதற்கு முன் அவனிடம் போய் இது எதற்கு என்று கேள். கேட்டால் மட்டும் போதாது, அவன் சொன்னதை மனதில் வை. நான் கேட்டேன், எழுதியும் வாங்கிக்கொண்டேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணைப் போடாதே. அந்த 'நாளைக்கு' எனக்கு வரவே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். நித்யா பேசாமல் இருக்கும் நேரங்கள் வரும், அதில் எதையாவது போட்டு நிரப்பாதே. அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இரு.

இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. வெறுப்பு வந்தால் அதை அடக்க வேண்டாம். நித்யாவுக்கு வந்தால் அவளை அடக்காதே. கல்யாணத்தில் நான் மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது என்று அவள் சொன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வரவே கூடாது என்றாலும் சரி, அம்மா மட்டும் வருவாள். கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் நடுங்குகிறேன். நான் செய்ததற்கு நீ அனுபவிக்க வேண்டுமா என்று நீ கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பயத்துக்காக இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட மாட்டேன். ஃபேக்டரிக்கும் எழுதிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு முந்தாநாள் தபாலில் சேர்த்தேன். அவர்கள் என்ன செய்வார்களோ செய்யட்டும்.

இந்தக் கவரில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக நம் கிரீன் கார்டு பேப்பர்கள் இருக்கும் ஃபைலிலேயே கிடந்தவை. ஒன்று அன்று நான் சுவரிலிருந்து எடுத்த பிளான், மூன்றாம் டேங்குக்கு நேரே இரண்டரை என்று அச்சாகியிருக்கும். அதை அவளே படித்துக்கொள்வாள். மற்றது அவள் அப்பா நம் மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது, நடுக்கம் வருவதற்கு முந்தைய கையெழுத்து, மணிமணியாக இருக்கும். ஓரத்தில் ரசம் பட்ட கறை உண்டு. அவள் இரண்டு வயதில் இங்கே வந்தவள், தமிழ் படிக்கத் தெரியாது. அன்று அவள் ஒரு கடிதத்தைத் தமிழில் மாற்றித் தன் அம்மாவுக்குச் சொன்னாள். இதை நீ அவளுக்குப் படித்துச் சொல். அவசரமாகப் படிக்காதே, கடைசி வரியை இரண்டு முறை படி. அவர் எழுதியிருப்பது இதுதான்:

"கறுப்புக்குப் பிறகு வெள்ளை. நாலு மணி நேரம். ஃபேன் ஓடி முடிந்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். யார் சொன்னாலும் அவசரப்படக் கூடாது."

அப்பா